இசை முடியும்வரை நின்ற டவுன் பஸ்

போன ஆடி மாதம், தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல்லுக்கு டவுன் பஸ்ஸில் என் ஆறு வயது மகளுடன் போய்க்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. அதற்கான பயிற்சி திண்டுக்கல்லில்தான். சத்தம் என்றாலே அவளுக்கு ஆகாது என்று நாங்களே முடிவு கட்டி, வீட்டில் டிவியைக்கூட மூடிப் போட்டிருந்தோம். மிக்ஸி ஓட வேண்டுமென்றால் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவார்.

அன்று டிரைவருக்கு யார்மேல் கோபமோ, ஏர்ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. மகள் காதைப் பொத்திக்கொண்டு அலற ஆரம்பித்தாள். தன் கையையே கடித்தாள். பின்சீட்டிலிருந்து ஒருவர், "இப்பிடிப் புள்ளைய வீட்லயே வச்சுக்கற வேண்டியதுதான?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். தெம்பில்லை. பயிற்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இனி இவளை வெளியே கூட்டிவருவதே இல்லை என்று முடிவு செய்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்க எழுந்தேன்.

எதிர் வரிசையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பாய், காதில் பெரிய ஹெட்போனோடு இருந்தார். அதைக் கழற்றி நீட்டினார்.

"செத்த இருங்க தங்கச்சி. இத மாட்டிப் பாப்பமா?"

"சத்தமே ஆகாது பாய். இதுல பாட்டு வேறயா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாட்டில்லம்மா, வெறும் வாசிப்புதான். புடிக்கலன்னா ஒடனே கழட்டிருவோம்."

மாட்டினேன். மகள் முதலில் உதறப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்தாள். அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய விரல்கள் என் மடியில் ஓடத் தொடங்கின. எனக்கு நம்பவே முடியவில்லை.

பாய் பிரியாணிக் கடை வைத்திருக்கிறாராம். "கடையில நாள் பூரா அம்புட்டு சத்தம். போறப்பவும் வாரப்பவும் இதக் கேட்டாத்தான் மனுசனா இருக்கேன்" என்றார். வெளிநாட்டில் படிக்கும் அவர் மகள் அனுப்பிய இசைப்பதிவு அது.

பேருந்து நிலையம் வந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் ஹெட்போனைக் கழற்றப் போனேன். பாய் தடுத்தார். "இப்ப முடிஞ்சிரும். பாதியில புடுங்குனா புள்ள மனசு என்ன பாடுபடும்?" கடை திறக்க நேரமாகியும் மனிதர் அசையவில்லை. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு டிரைவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் திரும்பி மகளைச் செத்த நேரம் பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டு, "முடியட்டும்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாய் என் போனில் அந்தப் பதிவை ஏற்றிக் கொடுத்தார். அன்றைக்குப் பயிற்சியையும் முடித்துக்கொண்டு வீடு வந்து, சாயங்காலம் நானும் கணவரும் அதைக் கேட்டோம். முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசை. ஹார்ப்சிகார்டு என்கிற கீபோர்டு வாத்தியம், தந்தியைச் சுண்டுகிற மாதிரி ஒலிக்கிறது. கூட ஒரு சின்ன வயலின் கூட்டம். கீபோர்டு பேசும்போது வயலின்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன. அது முடித்ததும் இவை பதில் சொல்கின்றன. கேட்ட மெட்டே மறுபடி மறுபடி வீடு திரும்புகிறது. யாரும் யாரையும் அதட்டுவதில்லை. எவ்வளவு அழகு!

அப்போதுதான் புரிந்தது. திடீரென்று பாய்கிற சத்தத்துக்குத்தான் மகள் பயந்திருக்கிறாள். ஒழுங்காக வருகிற ஒலிக்கு அவள் ஏங்கியிருக்கிறாள். அது தெரியாமல் நாங்கள் வீட்டையே ஊமையாக்கி வைத்திருந்தோம்.

இப்போதெல்லாம் அந்தப் பதிவைப் போட்டால், மகள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைக்கிறாள். பேச்சு வராத என் பிள்ளை, "அம்மா, இதக் கேளேன்" என்று என்னிடம் சொல்வது அப்படித்தான். அதைக் கேட்க எனக்குக் கொடுத்துவைத்தது, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்ட அந்த மனிதரால்.