நத்தை மேடம் மார்க் போட்டது

நத்தைகளை ஆராய்ந்தே தலை நரைத்தவர் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு நத்தை மேடம் என்று பேர். குறைத்து மார்க் போட அவருக்குக் கையே வராது. வருடாவருடம் இளம் ஆராய்ச்சியாளர்கள் மேடையேறித் தங்கள் ஆய்வைச் சொல்லும் போட்டியில் நடுவராக உட்கார்ந்தால், அறிவியலுக்குப் பத்து, பேச்சுக்குப் பத்து என்று எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவிடுவார். போன தடவை ஒருவன் பேச்சை மறந்து பாதியில் இறங்கிப் போனான். அவனுக்கும் பத்து. அடக்கமான பிள்ளையாம்.

இந்தத் தடவை அவரை நடுவர் வேலையிலிருந்து நோகாமல் கழற்றிவிட நினைத்துப் போட்டிச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். சமையலறையில் மேடத்தின் கணவர், ஒழுகிய குழாயைத் தானே சரிசெய்த பெருமையை அளந்துகொண்டிருந்தார்.

"மொதல்ல எங்க ஒழுகுச்சுன்னு சொல்லுங்க. கடைக்குப் போற வழியில யாரைப் பாத்தீங்கன்னு நான் கேக்கல" என்றார் மேடம்.

வாஷரை மாற்றினேன், நின்றுவிட்டது என்றார் கணவர்.

"மாத்தினதால நின்னுச்சா, தொட்டியில தண்ணி தீந்ததால நின்னுச்சா?"

கணவர் மாடிக்குத் தொட்டியைப் பார்க்கப் போனார். இதையெல்லாம் கேட்ட செயலாளர் வந்த வேலையையே மாற்றிக்கொண்டார்.

"மேடம், நாளைக்கு மேடையில யார் நின்னாலும் சார் நிக்கிறதா நெனச்சுக்கோங்க. அது போதும்."

மறுநாள் முதலில் ஏறியவன், எறும்புகள் வழி மாறுவதை ஆராய்ந்த எறும்புக்காரன். படங்கள் பளபளத்தன, பேச்சு வழுக்கிக்கொண்டு போனது. மேடம் கண்ணை மூடிக் கணவரை அங்கே நிறுத்திப் பார்த்தார். எறும்புகள் வழி மாறியதை எத்தனை இடத்தில் பார்த்தாய் என்று கேட்டார். தன் ஹாஸ்டல் அறையில் மட்டும்தான் என்றான். பேச்சுக்கு ஒன்பது, அறிவியலுக்கு மூன்று. அந்த மூன்றை எழுதிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

அடுத்து வந்த தவளைப் பெண்ணின் ஆய்வு கெட்டி. ஆனால் திரையைப் பார்த்தே முணுமுணுத்தாள்.

"ஏம்மா, சுவருக்கா சொல்றே? எங்களுக்குச் சொல்லு."

திரும்பினாள். கொஞ்சம் திக்கினாள், பிறகு சரளமாக வந்தது. கேட்ட சுவாரசியத்தில் மேடத்துக்கு வீட்டு ஞாபகம் முற்றிவிட்டது.

"எல்லாம் சரி. எடுத்ததை எடுத்த எடத்துல வச்சீங்களா?"

சபை திகைத்தது. மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளோ கொஞ்சமும் அசரவில்லை.

"வச்சுட்டேன் மேடம். எல்லாத் தவளையையும் அதே குளத்துல விட்டாச்சு. ஒண்ணு மட்டும் பைக்குள்ளயே தங்கிடுச்சு. மறுநாள் பஸ்ல கூட்டிட்டுப் போய் விட்டேன்."

அரங்கம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. மற்ற நடுவர்கள், எவ்வளவு பொறுப்பான கேள்வி என்று தலையாட்டினார்கள். பரிசும் அவளுக்கே கிடைத்தது.

டீ குடிக்கும் இடத்தில் எறும்புக்காரன் தொங்கிய முகத்தோடு எதிரே வந்தான். மேடத்துக்கு மூன்றை ஆறாக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவன் கேட்டது வேறு: இன்னும் எங்கே போய்ப் பார்ப்பது?

"எங்க வீட்டுக்கு வாப்பா. சர்க்கரை டப்பாவை மூடவே மூடாத மனுஷன் ஒருத்தர் இருக்கார்" என்றார் மேடம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். எந்த எறும்பு எந்தப் பக்கம் போகும் என்று கணவர் காலையிலிருந்து அவனுக்கு விளக்கினார். மேடத்துக்கு ஆயிரம் கேள்விகள் வாய்வரை வந்தன. விழுங்கிவிட்டு, இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தார்.