சதுப்புப் பாதைக்கு நான்கு டயர்கள்

“செவ்வாய். இரவு முழுக்க மழை. காலையில்தான் விட்டது. ஜீப் பாரிட்டில். அக்கா டயாலிசிஸுக்குப் போகவில்லை.”

போன மழைக்காலத்தில் என் நாட்குறிப்பில் எழுதியது. தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உண்டு. எந்த ஆண்டு எந்த மாதம் ஆறு கரையைத் தாண்டியது, எந்தத் தோட்டத்தில் எப்போது மறுநடவு நடந்தது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. யாரும் கேட்டதில்லை. இந்தக் குறிப்பை மட்டும் நான் பலமுறை புரட்டிப் பார்த்தேன்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கோலா சிலாங்கூர் பட்டணத்துக்கு வந்து இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு தவணை தவறினால் உடம்பில் நீர் ஏறும், கால் வீங்கும், பிறகு மூச்சு திணறும். அவள் இருப்பதோ செம்பனைத் தோட்டத்துக்குள், தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில். மாமா, அவள் கணவர், அங்கே டிராக்டர் ஓட்டுகிறார். வேலை இருக்கும்வரை வீடு. என்னோடு வந்து இருக்கலாம் என்றால், நான் இருப்பது மூன்றாவது மாடியில். லிப்ட் இல்லை. ஆக, தோட்டத்துக்குள் போய் அவளை வெளியே கொண்டுவருவது என் வேலையாயிற்று. என்னிடம் இருந்தது ஒரு பழைய சின்ன ஜீப், நான்கு சக்கரமும் இழுக்கும்.

லயத்திலிருந்து தார்ரோட்டுக்கு வரும் பாதையில் ஒரு துண்டு மட்டும் கம்பூட் என்கிற சதுப்பு மண். காய்ந்தால் பஞ்சு, நனைந்தால் கூழ். அங்கே எல்லாரும் மட்டை போடுவார்கள். வெட்டித் தள்ளிய செம்பனை மட்டைகளைக் குறுக்கே அடுக்கி, அதன்மேல் வண்டியை மெதுவாக ஏற்றிக்கொண்டு போவது. மோட்டார் சைக்கிள், வேன், பழம் ஏற்றும் லோரி, எல்லாம் அப்படித்தான். அதை ஒரு தனி உத்தி என்று நினைத்து யாரும் செய்வதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டைகள் வெள்ளத்தில் மிதந்து போய்விட்டிருந்தன. என் டயர்களோ வழவழவென்று தேய்ந்திருந்தன. ஜீப் பக்கவாட்டில் சறுக்கி, பாதையோர வடிகாலான பாரிட்டில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டது.

டயர் மாற்றியே ஆக வேண்டும். இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சேற்றுக்கு மட் டயர்தான் என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். ஒல்லியாக இருந்தால் சேற்றைக் கிழித்து அடியில் உள்ள கெட்டித் தரையைப் பிடித்துக்கொள்ளுமாம். சுங்கை சோவில் ஒரு கடைக்காரர் இதில் கைதேர்ந்தவர் என்றார்கள். விடுமுறை நாட்களில் கோலா குபு பாரு பக்கத்து மலைக்காடுகளில் ஜீப் ஓட்டுகிறவர். அவரிடம் போனேன்.

டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரமும் வருடமும் நான்கு இலக்கமாகப் பொறித்திருக்கும். நான் ஒவ்வொன்றாகக் குனிந்து அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, பொண்ணு பாக்க வந்துட்டு ஜாதகத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. மூஞ்சியயும் கொஞ்சம் பாருங்கலா” என்றார் கடைக்காரர்.

பெரிய பெரிய பற்கள் வைத்த ஒல்லி டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். “சேறுன்னா பல்லு வேணும். எங்க ஏரியா செம்மண்ணு வெண்ணெ மாதிரி வழுக்கும். இது மாட்டுனா கிழிச்சுக்கிட்டுப் போயிரும்.”

நோயாளி வருவதைச் சொன்னேன். மழையைச் சொன்னேன். தூரத்தைச் சொன்னேன். மட்டையைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை. வீட்டில் கேட்டிருந்தால் அக்காவோ மாமாவோ சொல்லியிருப்பார்களா என்றால், அவர்களுக்கும் தோன்றியிருக்காது.

முதல் சில நாட்கள் மழை இல்லை. தார்ரோட்டில் அந்த டயர்கள் வண்டு மாதிரி ரீங்கரித்தன. கதவு, கண்ணாடி, இருக்கை எல்லாம் நடுங்கின. சிகிச்சை முடிந்து வரும்போது அக்காவுக்குத் தலையை நிமிர்த்தக்கூடத் தெம்பிருக்காது. கண்ணை மூடியபடி சொன்னாள்: “அங்க ரத்தத்தத் தனியா எடுக்கறாங்க. நீ எலும்பத் தனியா எடுக்கற.”

“மழை வரட்டும், அப்ப பேசு” என்றேன்.

ஒரு சனிக்கிழமை மழை வந்தது. மாமா விடிகாலையிலேயே போய், கூட வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள் இருவரோடு மட்டைகளைப் புதிதாக அடுக்கிவைத்திருந்தார். ஜீப்பை மெதுவாகத்தான் ஏற்றினேன். பழைய டயர்கள் மட்டைமேல் தவழ்ந்து போகும். இவை கடித்தன. ஒவ்வொரு பல்லும் ஒரு மட்டையைப் பிடித்து நார்நாராகக் கிழித்துப் பின்னால் வீசியது. மட்டை போனதும் மண்ணைக் கிழித்தது. கிழித்துக்கொண்டு கீழே போனால் கெட்டித் தரை வரும் என்பது செம்மண்ணுக்கு. இங்கே கீழேயும் கூழ்தான். ஜீப்பின் வயிறு மண்ணில் உட்கார்ந்தது.

அக்கா இறங்கவில்லை, இறங்கினால் முழங்கால் வரை போகும். மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். மாமா டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி மாட்டினார்.

“மச்சான், இது டயரா, மட்ட அரைக்கிற மெஷினா?”

“இழுங்க மாமா.”

“இழுக்கறேன்லா. கோயில் தேரு மாதிரி உக்காந்திருக்கா உங்கக்கா, தேங்காதான் ஒடைக்கல.”

அக்கா சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய நேரம் கடந்துவிட்டிருந்தது. தாதி திட்டிக்கொண்டே எப்படியோ இடம் பண்ணிக்கொடுத்தார். ஆனால் பாதி நேரம்தான். அடுத்த தவணை வரும்வரை அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். படுத்தால் மூச்சு முட்டியது.

மறுபடி சுங்கை சோவுக்குப் போனேன். இம்முறை மாமாவும் வந்தார். நடந்ததைக் கேட்டுக் கடைக்காரர் தலையில் கைவைத்தார்.

“மட்ட மேல ஓட்டறீங்கன்னு மொதல்லயே சொல்லக்கூடாதா?”

“மட்ட இல்லாம எப்படி ஓட்டறது?” என்று மாமா உண்மையாகவே கேட்டார்.

அகலமான, பற்கள் சிறிதாக நெருங்கி இருக்கும் டயர்களை மாட்டினோம். காற்றைக் குறைத்தால் தட்டையாகி மட்டைமேல் பரவி நிற்கும். ஸ்டேரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசுகிறது. சின்ன ஜீப்புக்கு இவ்வளவு அகலம் தாங்காது. ஆனால் போகிறது. தோட்டப் பாதைக்குள் நுழையும்போது காற்றை இறக்குகிறேன். அக்காவை ஏற்றிக்கொண்டு தார்ரோடு வந்ததும் பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பை மாட்டி, நான்கு சக்கரத்துக்கும் ஏற்றுகிறேன். அக்கா உள்ளே காத்திருக்கிறாள். திரும்பும்போது மறுபடி இறக்குகிறேன். ஒவ்வொரு செவ்வாயும், வியாழனும், சனியும் இதுதான். குனிந்து நிமிர்ந்து எனக்கும் இடுப்பு போய்விட்டது. நாட்குறிப்பில் இப்போதெல்லாம் “போனோம், வந்தோம்” என்று மட்டும் எழுதுகிறேன்.

போன வாரம் டாக்டர் வேறொரு வழி சொன்னார். வயிற்றில் ஒரு குழாய் வைத்து, வீட்டிலேயே மருந்து நீரை ஏற்றி இறக்கிக்கொள்ளும் முறை. பட்டணத்துக்கு மாதம் ஒரு தடவை வந்தால் போதுமாம். அக்கா, “அப்ப இவனுக்கும் கொஞ்சம் ஓய்வு” என்றாள்.

அந்த நீர்ப் பைகளைப் பெட்டி பெட்டியாக மாதாமாதம் லோரியில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார்கள் என்றார் தாதி. எந்த வாசல் என்று பாதையை விவரித்துச் சொன்னேன், இந்தத் தடவை மட்டையையும் சேர்த்து. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். இதை எழுதும்வரை சொல்லவில்லை. லோரி லயம்வரை வரும் என்பது இன்னும் சரிபார்க்கப்படாத தகவல்.