நாலு அடிக் கடலுக்கு ஒரு கலிங்கு

1986 பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஈரோடு ஜங்ஷனில் பம்பாய் ரயில் ஊதிவிட்டது. தஸ்லீம் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி, கண்ணாத்தாளின் முழங்கையைப் பிடித்தவள் விடவே இல்லை. ஜித்தா துறைமுகத்தில் வேலை பார்க்கும் புருஷனிடம், கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் போகிறாள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான்.

"அக்கா, தண்ணி நிக்கவே கூடாது. நின்னா செத்துரும். மேல ஏடு படிய விட்டுராதீங்க."

"நீ போ சாமி. நான் பாத்துக்கறேன்."

"மாமி தூக்கி ஊத்திருவாங்க அக்கா!"

"நான் இருக்கற வரைக்கும் ஊத்த மாட்டாங்க. கையை உள்ளே எடு, வண்டி நகருது."

ரயில் போன பிறகுதான் கண்ணாத்தாளுக்கு ஒன்று உறைத்தது. முப்பத்திரண்டு வயதாகியும் அவள் கடலையே பார்த்ததில்லை. பார்க்காத கடலுக்குப் பொறுப்பு ஏற்றுக்கொண்டாயிற்று.

கடல் என்றால் நாலு அடி நீளக் கண்ணாடித் தொட்டி. தஸ்லீம் கீழக்கரைப் பெண். பள்ளிபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்குக் காவேரி போதவில்லை. அவளுடைய அண்ணன் ஒரு தடவை வாளியில் உயிருள்ள பவளக் கற்களும், விரித்த கை அகலத்துக்கு ஒரு கடல் சாமந்தியும், அதற்குள் புகுந்து விளையாடும் ஆரஞ்சு மீன் இரண்டும் கொண்டுவந்து கொடுத்தான். சாமந்தி என்று பேரே தவிர அது பூ இல்லை. வாயும் நூறு விரலும் உள்ள பிராணி. தஸ்லீம் அதற்குக் காலையிலும் மாலையிலும் மேல்தண்ணீரை மக்கில் மொண்டு, கரியும் மணலும் போட்ட பானையில் வடித்து, திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒரு முறை புதுக் கடல்தண்ணீர் வரும். தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வரும் லாரி டிரைவர் சென்னிமலை இரண்டு டிரம்மில் கொண்டுவருவார்.

"உப்பும் நானே, தண்ணியும் நானே. அடுத்த நடைக்கு அலையையும் ஏத்தியாரச் சொல்லுவீங்களாட்ட இருக்குதுங்க," என்று அலுத்துக்கொண்டே டிரம்மிலிருந்து ஹோஸ் போட்டு உறிஞ்சிவிடுவார். அவருடைய ஹோஸில் ஒரு ஓட்டை. அதைக் கட்டைவிரலால் அடைத்துப் பிடித்தால் தண்ணீர் ஓடும். விரலை எடுத்தால் 'களக்' என்று காற்றை விழுங்கிவிட்டு நின்றுபோகும். ஒவ்வொரு தடவையும் ஹோஸைத் திட்டுவார். ஒரு தடவைகூட மாற்றமாட்டார்.

கண்ணாத்தாள் இதையெல்லாம் எதிர்க் கடையிலிருந்து பார்ப்பாள். மோட்டார் காயில் கட்டும் கடை. போர்டில் இருப்பது அவள் புருஷன் சுப்பையன் பெயர். அவன் கிணற்று வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், மஞ்சள் பயிர் காய்கிறது என்று ஒரு விவசாயி எரிந்துபோன மோட்டாரோடு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பத்தாவது படித்த கண்ணாத்தாள் பழைய காயிலைப் பிரித்து, சுற்று சுற்றாக எண்ணி, அதேபோலக் கட்டிக் கொடுத்தாள். மோட்டார் நாலு வருஷம் ஓடிற்று. அதிலிருந்து சுற்றுப்பட்டில் எவரும் சுப்பையன் கடை என்று சொல்வதில்லை. "கண்ணாத்தா கட்டுன காயிலா? அப்ப எரியாது," என்பார்கள். சுப்பையனுக்கு அதில் வருத்தமில்லை. பெருமையை மட்டும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பியதும் தஸ்லீமின் மாமியார்க்காரி மதீனா பீவி அவளைக் கூப்பிட்டனுப்பினாள். லுங்கி வியாபாரம் மொத்தமும் அந்த அம்மாள் கையில். ஹால் முழுக்க பேல் பேலாக லுங்கி அடுக்கியிருக்கும். நடுவே கடல்.

"போறவ போயிட்டா. இனி இதுக்கு யாரு பொறுப்பு?"

"நானுங்க அம்மா."

மதீனா பீவி ஒரு பேலைப் பிரித்துக் கறுப்புத் துணி ஒன்றை உருவினாள். தொட்டிக்கு அடியிலும் சுற்றிலும் தன் கையாலேயே விரித்தாள். "உப்புத் தண்ணி காஞ்சா வெள்ளையாப் பூக்கும். மத்தத் துணியில ஏமாத்திரலாம். கறுப்பு காட்டிக் குடுத்துரும். தெனமும் காலையில வந்து பாப்பேன். ஒரு புள்ளி பூத்துச்சு, அன்னிக்கே அத்தனையும் காவேரிக்கு. ஏன்னு கேக்காதே. ஒரு பேல் நனைஞ்சா உன் மீனா வந்து பதில் சொல்லும்?"

பத்து நாள் கண்ணாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மக்கால் மொண்டு ஊற்றினாள். கையால் செய்கிற காரியம் ஒரு நாள் தவறத்தான் செய்யும். அவள் கையோ மோட்டார் பழகிய கை. தண்ணீர் தானே இறங்கி, தானே வடிந்து, தானே மேலே ஏறினால் என்ன? இந்த எண்ணம் வந்த மதியம் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தாள். கடைத் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு பெரிய கட்டம், அடியில் ஒரு சின்னக் கட்டம், நடுவே இறங்க ஒரு கோடு, ஏற ஒரு கோடு போட்டாள்.

சுப்பையன் எட்டிப் பார்த்தான். "என்னடி, கடலுக்குச் சர்வீஸ் கனெக்சனா?"

"மிதிக்காதீங்க! ஏறுற குழாய் மேல நிக்கறீங்க."

முதல் சோதனை அவள் வீட்டு வாசலில், பழைய தொட்டி, கிணற்றுத் தண்ணீர். தொட்டி விளிம்பின் மேல் குழாயை வளைத்துப் போட்டு உறிஞ்சிவிட்டாள். அழகாக இறங்கிற்று. ஏர்கூலர் பம்பு ஒன்றை வாங்கி, துருப்பிடிக்கும் தண்டை எடுத்துவிட்டு எவர்சில்வர் கம்பியில் கடைந்து போட்டிருந்தாள். அது அழகாக ஏற்றிற்று. கைதட்டாத குறை. பம்பை நிறுத்தி மறுபடி போட்டாள். வளைவுக்குள் காற்று புகுந்துவிட்டது. இறங்குகிற குழாய் செத்துக் கிடக்க, ஏறுகிற குழாய் மட்டும் மும்முரமாக ஏற்ற, மேல்தொட்டி வழிந்து வாசல் சேறானது.

"பீவியம்மா ஊட்டு ஹால்ல இது நடந்திருந்தா, மீனுக்கு முன்னாடி உன்னைக் காவேரியில போட்டிருப்பாங்க," என்றான் சுப்பையன்.

சேற்றில் நின்றபடியே அவளுக்குப் பளிச்சென்றது. ஏரியிலிருந்து யாராவது குழாயை வளைத்துப் போட்டு உறிஞ்சுகிறார்களா? கரையில் ஓரிடத்தைத் தாழ்த்திக் கலிங்கு கட்டுகிறார்கள். மிஞ்சின தண்ணீர் தானே போகிறது. கலிங்கு மட்டத்துக்குக் கீழே ஏரி இறங்குவதும் இல்லை, மழை எவ்வளவு பெய்தாலும் கரை வழிவதும் இல்லை!

தொட்டியின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்துக் கலிங்கு. மீன் தப்பாமல் இருக்க அதன் உச்சியில் சீப்புப் பல். தடுப்புக்குள் அடிக்கண்ணாடியில் ஓட்டை போட்டு ஒன்றேகால் அங்குலக் குழாய்; அது கரியும் மணலும் போட்ட கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கிருந்து பம்பு வழியே ஏறுவது அரை அங்குலக் குழாய்தான். இறங்கும் வழி எப்போதும் ஏறும் வழியைவிடப் பெரிதாக இருந்தால் வழியாது. சாமந்தியையும் மீன்களையும் கற்களையும் டிரம்முக்கு மாற்றிவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து, களிமண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் விட்டு, லாரி மெக்கானிக்குகள் வால்வு தேய்க்கும் பேஸ்டைத் தடவி, கைத் துரப்பணத்தில் குழாய்த் துண்டைச் செருகிச் சுற்றினாள். அழுத்தினால் கண்ணாடி விரிசல் விடும், அழுத்தாவிட்டால் அறுக்காது. அரை நாள் ஆயிற்று. வட்டமாக ஒரு சில்லு கழன்று விழுந்தபோது அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

பாக்கி இருந்தது கரண்டு. பம்பு நின்றால் மேலே ஏறின தண்ணீர் அதே குழாய் வழியே திரும்பக் கீழே வரும். இதற்கா யோசனை? கிணற்று மோட்டார் தெரிந்த எவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஃபுட்வால்வு போடு. புதுப் பித்தளை ஃபுட்வால்வு ஒன்றைப் போட்டாள். பம்பை நிறுத்திப் பார்த்தாள். ஒரு சொட்டு திரும்பவில்லை. மதீனா பீவி குனிந்து துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ம்," என்றாள். அடுத்த நாளிலிருந்து லுங்கி வாங்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க ஊட்டுக் கடல் தானா ஓடுது, பாத்தியா?" என்று காட்ட ஆரம்பித்தாள்.

பதினோராவது நாள் சாமந்தி சுருங்கிற்று. அடுத்த நாள் வற்றிய எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆயிற்று. மீன் இரண்டும் அதை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு மூலையில் ஒதுங்கின. கண்ணாத்தாள் தண்ணீரை மோந்து பார்த்தாள், கரியை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சந்தேகத்தில் ஃபுட்வால்வைக் கழற்றினாள். பித்தளை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. கிணற்றுப் பாசியையும் நத்தையையும் சாகடிக்க மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து தொங்கவிடுவார்களே, அதுவும் இதே செம்புதான்.

"அய்யோ, நானே வெஷம் வெச்சிருக்கறேன்!"

வால்வைத் தூக்கி வாசலில் எறிந்தாள். வால்வு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் இணைப்பைச் செருகினாள். டிரம்மிலிருந்த புதுக் கடல்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிவரை மாற்றினாள். பம்பைப் போட்டு நிமிர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். அந்தக் கோடையில் தினமும் இரண்டு மணிக்குக் கரண்டு போகும். இப்போது குழாயில் வால்வு இல்லை.

வேகமாகக் கணக்குப் போட்டாள். ஏறுகிற குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரற்கடை கீழே. விரற்கடைக்கு ஒரு குடம். பம்பு நின்றால் வாய் வெளியே தெரிகிற வரைக்கும் நாலு குடம் இறங்கும். கீழ்த்தொட்டியில் இரண்டு குடத்துக்குத்தான் இடம். மீதி இரண்டு குடம் கறுப்புத் துணிக்கு. குழாயை வெட்டிக் குட்டையாக்கலாம். ஆனால் அடியிலிருக்கும் சாமந்திக்கு ஓட்டம் போகாது. பம்பை நிறுத்தினாலும் அதே நாலு குடம்.

"என்னா புள்ளே முழிக்கிறே?" என்றாள் மதீனா பீவி, பேல் மேல் உட்கார்ந்தபடி.

"இருங்கம்மா, இருங்க..."

தண்ணீர் இறங்குவதை நடுவில் நிறுத்த வேண்டும். யார் நிறுத்துவார்கள்? அவள் கட்டைவிரல் தானாக ஆள்காட்டி விரலைத் தேய்த்தது. கட்டைவிரல்! சென்னிமலையின் ஓட்டை ஹோஸ்! அவர் திட்டித் தீர்த்த அதே ஓட்டை!

அடுப்படிக்கு ஓடி ஒரு ஆணியைப் பழுக்கக் காய்ச்சி இடுக்கியில் பிடித்துக்கொண்டு வந்தாள். "நெருப்பையா கொண்டாறே? பேலு, பேலு!" என்று மதீனா பீவி எழுந்தாள். கண்ணாத்தாள் பம்பை நிறுத்தினாள். அதே நொடியில் மேல்குழாயை இணைப்பிலிருந்து உருவித் தூக்கினாள். தண்ணீர் மட்டம் இருந்த இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே ஆணியை அழுத்தினாள். புகை வந்தது. சின்ன ஓட்டை விழுந்தது. குழாயைத் திரும்பச் செருகிப் பம்பைப் போட்டபோது மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

இரண்டு மணிக்கு மின்விசிறி நின்றது.

கலிங்கில் தண்ணீர் மெலிந்து ஓய்ந்தது. கீழ்த்தொட்டியில் மட்டம் ஏறிற்று. விளிம்புக்கு நாலு விரல். மூன்று. இரண்டு. மதீனா பீவி துணியின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். மேலே ஓட்டை வெளியே தெரிந்தது.

களக்.

நின்றது. விளிம்புக்கு இரண்டு விரல் கீழே, அசையாமல் நின்றது.

 மூன்று மணிக்குக் கரண்டு வந்ததும் பம்பு தானே சுற்றிற்று. தண்ணீர் ஏறிக் கலிங்கு தாண்டிச் சலசலத்தது. மதீனா பீவி எழுந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

"அம்மா!"

"ஒரு தடவை தற்செயலா நின்னிருக்கும்." களக். போட்டாள். மறுபடி அணைத்தாள். களக். ஐந்தாவது தடவைக்கு அவள் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். "போடி இவளே! கரண்டுக்கே கடிவாளம் போட்டுட்டியே!"

மறுநாள் காலையில் துணி கறுப்பாகவே இருந்தது. ஐந்தாம் நாள் சாமந்தி விரிந்து, ஆரஞ்சு மீன் இரண்டும் உள்ளே புகுந்தன. அன்று கண்ணாத்தாள் கடை திறக்கவே இல்லை. பாய் போட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு காயில் கணக்கு எழுதும் தாளின் பின்புறத்தில் முழுப்படமும் வரைந்து, ஓட்டையைச் சிவப்பில் வட்டமிட்டு, "பித்தளை கூடவே கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஜித்தா போகும் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினாள். பதில் இல்லை. வீட்டுக்கு வந்த கடிதங்களில் எல்லாருக்கும் சலாம் இருந்தது. படத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கிடைத்ததோ, வழியில் தொலைந்ததோ.

1989 ஏப்ரலில் ஜித்தாவிலிருந்து ஊர் வந்த ஒருவர் ஒரு கேசட்டைக் கொடுத்தார். எழுதுவதைவிடப் பேசி அனுப்புவது அங்கிருப்பவர்களுக்குப் பழக்கம். மதீனா பீவி கண்ணாத்தாளையும் சுப்பையனையும் கூப்பிட்டனுப்பி, தொட்டிக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்தாள். கறுப்புத் துணி அதற்குள் இரண்டு தடவை மாறியிருந்தது. இரண்டும் நைந்ததால் மாற்றியவை.

முதலில் பேச்சு இல்லை. சலசலவென்று தண்ணீர்ச் சத்தம்.

"இது நம்ம தொட்டிச் சத்தம்தான், டேப்பு இன்னும் ஓடலை," என்றான் சுப்பையன்.

"சும்மா இருங்க!"

தஸ்லீமின் குரல் வந்தது.

"மாமி, அக்கா, கேக்குதா? இது எங்க ஹாலு. கடல் பத்து நிமிச நடையில இருக்கு, உள்ளே எதுக்குன்னு உங்க மகன் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. போன மாசம்தான் குழாய் வாங்கித் தந்தாங்க. அக்கா, உங்க படத்துல இருக்கிற மாதிரியே செஞ்சிருக்கேன், ஒரு விரல்கூட மாத்தல. இந்த ஊர்ல கரண்டே போறதில்ல அக்கா. அதனால நானே அணைக்கிறேன். கேளுங்க."

சுவிட்ச் சத்தம். தண்ணீர் மெலிந்தது. டேப் வெறுமனே இரைந்தது. பிறகு, களக்.

"மாமி, அடியில விரிச்சிருக்கிறது கறுப்புத் துணிதான். ஒரு புள்ளிகூடப் பூக்கல."