பிழை எண் 31: கொக்கி ஆடுகிறது

1. கான்செப்ட்

நான் வீடியோ கேம் டெஸ்டர். அடுத்தவர் செய்த கேமை விளையாடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. இப்போது புதிதாக வருகிறவர்கள், "கேம் செய்யறதப் பத்தியே ஒரு கேம் பண்ணப்போறோம் மேடம்" என்று கண்ணை விரித்துச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கண்றாவியை நான் இரண்டாயிரத்து ஏழிலேயே பார்த்துவிட்டேன்.

ராயபுரத்தில் ஒரு கயிற்றுக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளியை முதலாளி என்று சொல்லக்கூடாது, டைரக்டர். அவருடைய கேமில் ஒருவன் ஆபீசில் உட்கார்ந்து கேம் செய்வான். அந்தக் கேமுக்குள்ளும் ஒருவன் உட்கார்ந்து கேம் செய்வான். இதைச் சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்ப்பார். நாம் அசந்துபோக வேண்டுமாம்.

"சார், மூணாவது சீன்ல ஹேங் ஆகுது."

"ஆகட்டும் மல்லிகா. அதான் கான்செப்ட்."

"அதுல வர்றவன் டீ குடிச்சா ரூமை விட்டு வெளிய வர முடியல சார்."

"யாரால வர முடியுது? கான்செப்ட்."

என் பிழைப் பட்டியலில் பாதிக்கு எதிரே இந்த ஒரே வார்த்தைதான் இருக்கும். வேலை தெரியாதவனுக்கு இதைவிட வசதியான வார்த்தை ஏது?

எங்கள் புரோகிராமர் யூசுப் தனியாக வேறொன்று செய்துகொண்டிருந்தான். துறைமுக கிரேன் ஓட்டும் கேம். அவன் அத்தா கிரேன் ஆபரேட்டராக இருந்தவர். திருவொற்றியூரில் ஒரு கிரேன் பயிற்சிப் பள்ளி, அந்தக் கேம் பிடித்திருந்தால் வாங்கிக்கொண்டு யூசுப்பையும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை போய்க் காட்ட வேண்டும். ஒரு வருஷ உழைப்பு. டைரக்டருக்கோ இளக்காரம். "கிரேனா? இதுல ஆர்ட் எங்க இருக்கு?" என்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. 'பிழை எண் 31: கைப்பிடியை விட்ட பிறகும் கொக்கி ஆடுகிறது' என்று எழுதினேன்.

"அது அப்டித்தான்க்கா ஆடும். அத்தா சொல்லிக்கீறாரு."

"விளையாடுறவங்க கடுப்பாவாங்க யூசுப். நிறுத்து."

நான்கு மாதம் மல்லுக்கட்டிக் கொக்கியின் ஆட்டத்தை நிறுத்தினான்.

2. சனிக்கிழமை

டைரக்டர் கேமில் ஒரு புது சீன். அதில் வருகிறவன் தான் செய்து தோற்றுப்போன கேமைத் தானே அழிக்க வேண்டும். எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதனால் யூசுப்பின் கிரேன் கேமைத் 'தோற்றுப்போன கேம்' என்று உள்ளே வைத்தார். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பி எடுத்தாவது வைத்தாரா? அதுவும் இல்லை. யூசுப்பின் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டருக்கே நேராகப் பாதை கொடுத்துவிட்டார்.

எந்தப் பட்டன் வந்தாலும் அழுத்திப் பார்ப்பது என் வேலை. 'டெலீட்' என்று வந்தது, அழுத்தினேன். பச்சைக் கோடு மெல்ல நிரம்பியது. 'அனிமேஷன் நன்று' என்று வேறு குறித்துக்கொண்டேன்.

பக்கத்து மேஜையிலிருந்து யூசுப் கேட்டான். "க்கா, என் ஃபோல்டர் எங்கக்கா?"

நெட்வொர்க் வழியாக அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. பேக்கப் எடுப்பது யார் வேலை என்றே தெரியாத ஆபீஸ் அது. தேடியதில் கிரேன் கேமின் நான்கு மாதத்துக்கு முந்தைய காப்பி ஒரு சிடியில் கிடைத்தது, அவ்வளவுதான்.

"இன்னா சார் இது? ஒரு வருசம் சார்! திங்கக்கெழம நான் இன்னாத்த காட்டுவேன்?" யூசுப் எழுந்துபோய் டைரக்டர் முன் நின்றான்.

அந்த மனுஷர் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். "இதான் யூசுப்! இந்த ஃபீலிங்தான் அந்த சீனுக்கு வேணும். இன்னொரு வாட்டி சொல்லு."

"அடச்சீ! ஒருத்தன் வவுறு எரிஞ்சி சொல்றான், நீ எழுதிக்கினு கீறியே, நீயெல்லாம் மன்சனா?" என்று கத்தினான் யூசுப்.

எனக்கு டைரக்டர் மேல் ஆத்திரம், என் மேல் அதைவிட ஆத்திரம். எது அழியும் என்று பார்க்காமல் அழுத்தியது என் கைதானே.

3. திங்கட்கிழமை

பழைய சிடியோடு யூசுப் போனான். மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன். பயிற்சி கொடுக்கும் பெரியவர் முப்பது வருஷம் கிரேன் கேபினில் உட்கார்ந்தவர். கம்ப்யூட்டர் முன் அமர்ந்து கைப்பிடியைத் தள்ளினார், விட்டார். கொக்கி ஆடியது.

"சார், அது பழைய பிழை. சரி பண்ணி வெச்சிருந்தோம், என்னாலதான்..." என்று நான் முந்திக்கொண்டேன்.

"பிழைன்னு யார்மா சொன்னது? கைய எடுத்ததும் நிக்கிற கொக்கிய நான் பாத்ததே இல்ல. புச்சா வர்றவன்லாம் இதுலதான் தடுமார்றான். இத தொடாதீங்க, இதான் எங்களுக்கு வோணும்."

யூசுப் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வாரம் அவன் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். டைரக்டரின் கேம் இன்றுவரை வெளிவரவில்லை. அதுவும் கான்செப்டாக இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை ஆபீசுக்குத் திரும்பி என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுக கிரேன் ஒன்று கன்டெய்னரை இறக்கிவிட்டு நிமிர்ந்தது. வெறும் கொக்கி ஆடிக்கொண்டே இருந்தது. மூன்று வருஷமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. ஸ்கிரீனைத் தவிர எதையும் பார்க்காத மனுஷர் என்று டைரக்டரை நக்கல் அடித்துக்கொண்டு, நானும் ஒருநாள்கூடத் தலையைத் திருப்பவில்லை.

பட்டியலைத் திறந்தேன். பிழை எண் 31-க்கு எதிரே எழுதினேன்: 'பிழை இல்லை. எழுதியவள் கிரேனைப் பார்த்ததில்லை.'