பரக்கத்துல்லா பேசிய இந்தி

குவைத்தில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய பரக்கத்துல்லா கொண்டுவந்தது சரளமான இந்தியும் கொஞ்சம் தொப்பையும்தான். விருத்தாசலத்தில் இரண்டுக்கும் வேலையில்லை. செல்வநாயகியின் செராமிக் பட்டறையில் விளக்குகளையும் பொம்மைகளையும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

காசாவில் செத்த குழந்தைகளின் படங்களைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. அந்தக் கோபத்தில், கூடவே வரும் கண்டதையும் எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் தள்ளிவிடுவார். கொரோனாவைக் கிளப்பியது யூதர்கள், வெங்காய விலையை ஏற்றியதும் யூதர்கள் என்கிற ரகம். பட்டறையில் அச்சு செய்யும் சக்கரபாணி இதில் எதிர்க்கட்சி. இஸ்ரேல் போடும் ஒவ்வொரு குண்டுக்கும் அதே குழுக்களில் கைதட்டும் எமோஜி அனுப்புவார். இருவருமே யூதர் ஒருவரைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பத்தரை மணிக்கு ஒரே கடையில்தான் டீ குடிப்பார்கள்.

அந்த வருடம் மும்பையிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. ஒரே பீடத்தில் ஒன்பது குழி வைத்த எண்ணெய் விளக்கு. செல்வநாயகி இந்த விளக்குக்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, வாங்குபவரையும் இவர்கள் இருவரையும் அதில் சேர்த்துவிட்டாள்.

மாதிரி பார்க்க ஒருநாள் அந்த அம்மாளே வந்து இறங்கினார். பருத்திப் புடவை, நரைத்த கொண்டை, கையில் எவர்சில்வர் டிபன் டப்பா. பெயர் லேயா பென்கர். தமிழ் தெரியாது. செல்வநாயகிக்கு இந்தி தெரியாது.

"பாய், கொஞ்சம் வாங்க. என்னா கேக்கறாங்கன்னு சொல்லுங்க" என்று கூப்பிட்டாள்.

பரக்கத்துல்லா தோளில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டு பெருமையாக வந்தார். நெடுநாளைக்குப் பிறகு இந்திக்கு வேலை. எதற்கு ஒன்பது குழி என்று கேட்டார். அந்த அம்மாள் பதில் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"என்னா பாய், கலரு புடிக்கலையா?" என்றாள் செல்வநாயகி.

"இல்லக்கா. அவங்க யூதருங்களாம். கொங்கணத்துப் பக்கம் ரொம்பக் காலமா இருக்கறவங்களாம். அவங்க பண்டிகைக்கு ஏத்தற வெளக்காம்."

சக்கரபாணி அச்சைப் போட்டுவிட்டு ஓடி வந்து கும்பிட்டார். "உங்க ஆளுங்கதாங்க சரி. இவங்கள எங்க வெக்கணுமோ அங்க வெச்சிருக்கீங்க. பாய், இத அப்படியே சொல்லு."

மாற்றிச் சொல்ல பரக்கத்துல்லாவுக்கு ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் ரோஷம் வந்துவிட்டது. ஒரு சொல் விடாமல் இந்தியில் சொன்னார்.

"இவங்கன்னா யாரு?" என்று கேட்டார் லேயா.

"நான்தாங்க."

அந்த அம்மாள் சக்கரபாணி பக்கம் திரும்பிப் பேச, பரக்கத்துல்லா அதையும் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. "அவங்கள எப்பலேர்ந்து தெரியும்னு கேக்கறாங்க."

"இப்பதான்" என்றார் சக்கரபாணி.

"அப்ப என்னை எப்பலேர்ந்துன்னு கேக்கறாங்க."

"நீ குவைத்து போறதுக்கு முன்னலேர்ந்து, இருவது வருசமா. இதென்னா கேள்வி?"

சக்கரபாணி ஈர மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். அதைப் பார்த்து பரக்கத்துல்லா உள்ளூரச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் போனைத் திறந்து அவர் முன் நீட்டினார். கொக்கி மூக்கு மனிதன் ஒருவன் உலக உருண்டையைக் கவ்விப் பிடித்திருக்கும் கேலிப்படம். விளக்குக் குழுவுக்குப் பரக்கத்துல்லாவே அனுப்பியது.

"பாருங்க, என் மூக்கு இவ்வளவு நீளமா?"

பரக்கத்துல்லாவுக்கு இந்தி மறந்துபோனது. சொல்லைத் தேடிப்பிடித்து, "கொழந்தைங்க சாவறதப் பாத்து வந்த கோவம்ங்க" என்றார்.

"நானும்தான் அழுதேன். ரெண்டு பக்கத்துக் குழந்தைகளுக்கும் அழுதேன். இஸ்ரேலில் இருக்கும் அக்கா மகனிடம் இதற்காகவே நான் பேசுவதில்லை. அந்த அரசாங்கத்தைத் திட்டுங்கள், காது கொடுத்துக் கேட்கிறேன். ஆனால் இந்தப் படத்தில் எந்தக் குழந்தை இருக்கிறது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எங்கள் ஆட்களைக் கொல்லக் கூட்டிப்போகும் முன் சுவரில் ஒட்டிய படம் இப்படித்தான் இருந்தது."

"என்னா பாய், வெலை கொறைக்கச் சொல்றாங்களா?" என்றாள் செல்வநாயகி.

"இல்லக்கா. இது வேற." படத்தை அங்கேயே அழித்தார். மற்ற குழுக்களில் தேடித் தேடி அழிக்க டீ நேரம் முழுவதும் போயிற்று.

சாயங்காலம் லேயாவை ரயிலேற்ற பரக்கத்துல்லா பைக்கில் போனார். ஆட்டோவில் அந்த அம்மாளும், பையைத் தூக்கிக்கொண்டு சக்கரபாணியும் வந்தார்கள். ஜங்ஷனில் வண்டி தாமதம். காசா சண்டையை யார் முதலில் நிறுத்த வேண்டும் என்பதில் பரக்கத்துல்லாவும் லேயாவும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. வண்டி நகரும்போதும் அந்த அம்மாள் ஜன்னல் வழியே விரலை ஆட்டி ஏதோ மறுத்துக்கொண்டுதான் போனார்.

வெளியே வந்து பரக்கத்துல்லா பைக்கைக் கிளப்பினார். சக்கரபாணி தயங்கி நின்றார்.

"கோவமா இருக்கியா பாய்?"

"இருக்கறேன். ஏறுங்க. காலைத் தள்ளி வைங்க, சைலன்சரு சுடும்."