ஏழே கால் மணி மைனா

வாயில் பிரஷ், நெஞ்சுக்கடியில் தலையணை, கண்ணில் தொலைநோக்கி. கொல்லைக் கதவருகே குப்புறப் படுத்து என் தங்கை எண்ணிக்கொண்டிருக்கிறாள். "முப்பத்தொம்பது... நாப்பது..." அவளுடைய ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரியும் எதிரியை ஒரு மைனா கொத்திக்கொண்டிருக்கிறது. எதிரி அதே மைனாதான். நாற்பதானதும் எழுந்து, நுரையைத் துப்பிவிட்டு, இரண்டு கண்ணாடிகளுக்கும் பழைய சாக்ஸ் மாட்டுகிறாள். "அதுக்கு பிபி ஏறுதுக்கா."

கழற்ற மறந்து அப்படியே வேலைக்குப் போய்விடுவதும் உண்டு. ஒருமுறை போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டாராம். "குளிருது சார், அதான்" என்றாளாம். அவர் ஏன் விட்டார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது அவள் தொழில். கதவைத் திறப்பவர்கள், "மெக்கானிக் எப்ப வருவார்?" என்பார்கள். "வந்துட்டார், கொஞ்சம் நகருங்க" என்று உள்ளே போவாள். மெஷினின் தலைமேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, அரை நிமிடம் கேட்பாள். பிறகு சொல்வது தப்பியதில்லை.

அதே காதுதான் பறவைக்கும். விடாமல் கூவும் குயிலுக்கு, "பெல்ட் லூசு." எங்கள் மொட்டைமாடி இரும்புக் குழாயை ஒரு மரங்கொத்தி தட்டோ தட்டென்று தட்டியது. "இரும்புல என்னடி பூச்சி இருக்கும், பைத்தியமா அது?" என்றேன். "பூச்சி தேடலக்கா, பொண்ணு தேடுது. சத்தம் பெருசா வந்தா ஆளும் பெரிய ஆள்னு பொண்ணு நெனச்சுக்குமாம். மாமா தெருமுனையிலேர்ந்தே ஹாரன் அடிச்சிட்டு வருவாரே, அந்த மாதிரி." மாமா என்று அவள் சொல்வது என் வீட்டுக்காரரை. அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

நிறம் பார்த்துப் பெயர் சொல்வது அவளுக்கு ஆகாது. "கலர் பாக்கறது ஷோரூம்காரன் வேலை. நடையப் பாரு. சிட்டுக்குருவி குதிக்கும். மைனா நம்மள மாதிரி கால் மாத்தி நடக்கும், ஏதோ வாடகை வசூலிக்க வந்த மாதிரி." பார்த்ததை சர்வீஸ் சீட்டின் பின்பக்கம் எழுதுவாள்: குறை, காரணம், சரிசெய்தது. மூன்றாவதில் எப்போதும் ஒரே பதில்தான்: 'சரிசெய்ய ஒன்றுமில்லை.' அந்தக் கிரீஸ் சீட்டுகளைத் தேதி வாரியாக நோட்டில் நகல் எடுப்பது நான். எட்டாவதோடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நாலு வருடம், நாலு நோட்டு.

அதில் அவளுக்கு உயிரான பக்கம் எறும்புக் குளியல். தினமும் காலை ஏழே காலுக்கு எங்கள் கொல்லைப் புற்றருகே ஒரு மைனா வரும். சிவப்பெறும்பை அலகில் எடுக்கும், தின்னாது. இறக்கைக்கு அடியில், அக்குளில் பவுடர் போடுவதுபோல் தேய்க்கும். வாலையும் முன்னால் இழுத்துத் தேய்க்கப் போய், தன் வாலைத் தானே மிதித்துக் கவிழும். எழுந்து அடுத்த எறும்பை எடுக்கும். "எறும்பு விடுற ஆசிட்ல பேன் சாகும்னு ஒரு கட்சி. சும்மா சுகத்துக்குன்னு ஒரு கட்சி. அது மூஞ்சியப் பாரு, நான் ரெண்டாவது கட்சி."

இதைப் பறவைச் சங்கத்துக்கு எழுதிப் போட்டாள். பதில் வந்தது: 'தாங்கள் கண்டது மைனாவாக இராது. நோயுற்ற கோழிக்குஞ்சாக இருக்கலாம். மருந்து கொடுக்கவும்.' அன்று அவள் சாப்பிடவில்லை. "என் கண்ணையே கோழிக்கண்ணுன்னு சொல்லிட்டான்க்கா." விடாமல் ஆறு கடிதம் போட்டதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் நேரில் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். கண்ணால் கண்டால் நாலு நோட்டும் சங்கப் பதிவில் ஏறும். இல்லாவிட்டால் கோழிக்குஞ்சுதான், இனிமேல் கடிதம் போட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

பெரிய மனிதர்கள் வருகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வேலையிலிருந்து திரும்புவதற்குள் கொல்லையைக் கூட்டினேன். மேசை, நாற்காலி போட்டேன். வந்தவர்கள் காலை எதுவும் கடித்துவிடக்கூடாதே என்று, சுவரோரமும் புற்றுமேலும் ஓர் இடம் விடாமல், ஸ்கேல் வைத்த மாதிரி எறும்புப் பொடி தூவினேன்.

ஞாயிறு காலை கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா. இது என்ன?"

"எறும்புப் பொடிடி. வர்றவங்களக் கடிக்கக் கூடாதுல்ல?"

"அவங்க எதைப் பாக்க வர்றாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை. "விஷம் பட்ட எறும்ப அலகுல எடுத்தா மைனா கத முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லி, மண்வெட்டியால் மேல்மண்ணோடு சேர்த்துச் சுரண்டிச் சாக்கில் அள்ளினாள். அவள் சாக்கைக் கட்டி முடிக்கவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

கோழிக்குஞ்சுக் கடிதம் எழுதியவர் தொப்பி போட்டிருந்தார். ஏழே காலுக்கு மைனா வந்தது. வெறும் மண்ணில் இப்படியும் அப்படியும் நடந்தது. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மதில்மேல் ஏறி உட்கார்ந்தது. தொப்பிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "மைனாதான், ஒத்துக்கறேன். குளியலத்தான் காணோம். நேரமாச்சு, கிளம்பறோம்."

"ரெண்டு நிமிஷம் சார். டீ வருது" என்றாள். எழுந்து மதில் தாழ்ந்திருந்த மறுகோடிக்குப் போய், பக்கத்து வீட்டுப் பக்கம் குனிந்து, அங்கிருந்த புற்றில் வலது கையை முழங்கைவரை விட்டாள். வெளியே எடுத்தபோது கை சிவப்பாக ஊர்ந்தது. உதறவில்லை, ஓடவில்லை. நாலெட்டு நடந்து வந்து, ஒரு பழைய வாஷிங் மெஷின் மூடியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் நிதானமாகத் தட்டிவிட்டாள். தள்ளி வந்து உட்கார்ந்தாள்.

மைனா இறங்கியது. ஓர் எறும்பை எடுத்தது. அக்குளில் தேய்த்தது. வாலை மிதித்துக் குப்புற விழுந்தது.

மூன்று தொலைநோக்கிகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வேகவேகமாகக் குறிப்பெழுதினார்.

எழுதி முடித்ததும் நிமிர்ந்தார். "எல்லாம் சரிம்மா. நாலு வருஷமா தினம் பாக்கறேன்னு எழுதியிருக்கீங்க. இன்னிக்கு மட்டும் எறும்பெல்லாம் எங்க போச்சு?"

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில், என் கால் கட்டைவிரல் மேல் அவளுடைய குதிகால் முழு எடையோடு இறங்கியது.

"ஞாயித்துக்கிழம சார், லீவு போட்டிருக்கும்" என்று, வீங்கிய கையால் அவருக்கு டீ ஊற்றினாள். அவர்கள் மூன்று பேரும் குடித்து முடித்து, கும்பிட்டு, பக்கவாட்டுக் கேட்டைத் தாண்டும்வரை அவள் அந்தக் காலை எடுக்கவே இல்லை.