கவரில் போன ஓட்டு

1977ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் என் அம்மாவுக்குப் பல்வலி வந்தது. எந்தப் பல் என்று கேட்டவர்களுக்கு ஒரு நாள் வலது கன்னத்தையும் மறுநாள் இடது கன்னத்தையும் காட்டினாள். அந்தமானின் மாயாபந்தரில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்தவர்கள் அதை நம்பினார்கள்; அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார்கள். பல்வலி என்றால் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போர்ட் பிளேருக்குக் கப்பலில்தான் போக வேண்டும். அம்மாவுக்கு வேண்டியிருந்தது அந்தக் கப்பல்தான். அவள் ஓட்டுப் போடப் போனாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மதுரையில் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். தொழிற்சங்க மேடைகளில் பேசுகிறவர். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த 1976 பிப்ரவரியில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு கிடையாது, விசாரணை கிடையாது. மெயின்லேண்டிலிருந்து வந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. அப்பா பொதுப்பணித் துறையில் கிளார்க். மச்சினன் ஜெயிலில் இருக்கும் செய்தி ஆபீசுக்குத் தெரிந்தால் தன் வேலைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு. "வெளிய மூச்சு விடக் கூடாது" என்று அம்மாவிடம் சொன்னபோது என்னையும் பார்த்துச் சொன்னார். சொந்தத் தம்பியான சித்தப்பாவிடம்கூட அவர் சொல்லவில்லை. சித்தப்பா அரசாங்கக் காண்ட்ராக்ட் எடுப்பவர்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா ஜெயிலில் இருப்பது தெரியும். என்ன செய்தார் என்பது தெரியாது. அம்மாவுக்கும் அது சரியாகத் தெரியாது என்று இப்போது தோன்றுகிறது.

ஜனவரி 18, செவ்வாய்க்கிழமை, தேர்தல் வரப்போகிறது என்று ரேடியோ சொன்னது. அதையொட்டி ஜெயிலில் இருந்த பலரை விட்டார்கள். மாமாவை விடவில்லை. பிப்ரவரி முடியும்வரை பொறுத்துப் பார்த்த அம்மா, ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சை எடுத்தாள்.

"என் பேரு புரோத்ராபூர் ஓட்டர் லிஸ்ட்டுலதானங்க இருக்கு?" போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் இருக்கும் புரோத்ராபூரில்தான் நாங்கள் முன்பு குடியிருந்தோம்.

"அங்கதான் இருக்கும். இங்க இன்னும் மாத்தல."

"அப்ப நான் போறேன்."

"ஒத்த ஓட்டுக்குக் கப்பல் ஏறுவாளாம். நீ குத்துற குத்துல ஜெயில் கதவு தெறந்துருமா?"

"தெறக்குதோ இல்லையோ, குத்திட்டு வாரேன். இங்கன உக்காந்து நான் என்னத்தச் செஞ்சேன், சொல்லுங்க?"

அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாக்குப்பதிவு நாளில் அவருக்கே ஒரு சாவடியில் டூட்டி போட்டிருந்தார்கள். கூடப் போக முடியாது. கடைசியில், "யாரும் கேட்டா பல்வலின்னு சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் அது சம்மதத்துக்குச் சமம். துணைக்கு நான் போவதென்று முடிவாயிற்று.

வாக்குப்பதிவு எந்தத் தேதி என்பதை மட்டும் என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை. நாட்டில் மார்ச் 16 முதல் 20 வரை நடந்தது. எங்களுக்கு எந்த நாள் என்பதில் அம்மா ஒன்று சொல்வாள், சித்தப்பாவின் மனைவியான சித்தி வேறொன்று சொல்வாள். ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

அந்தக் கப்பலைப் போலக் கலகலப்பான கப்பலை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. எங்கள் தீவுகளில் ஆள் ஒரு தீவில் இருப்பான், அவன் பெயர் வேறொரு தீவில் இருக்கும். மாற்றலாகி வந்தவர்கள், காட்டு வேலைக்கு வந்தவர்கள், கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் மேல்தளத்தில் பாய் விரித்திருந்தார்கள். கப்பல் துறை மறையும்வரை அம்மா முந்தானையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருந்தாள். மறைந்ததும் கையை எடுத்துவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளத்து அம்மாள் அவள் முறுக்கைக் கடிக்கும் சத்தத்தை ரசித்துக் கேட்டுவிட்டு, "க்யா தீதி, தாந்த் டீக் ஹோ கயா?" என்றாள், பல் சரியாகிவிட்டதா என்று.

"சமுந்தர் கா ஹவா லகா, டீக் ஹோ கயா" என்றாள் அம்மா. கடற்காற்றில் சரியாகிவிட்டதாம்.

அந்த அம்மாள் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். அவள் வீட்டில் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கும் காரணம் தெரியாமல் சிரிப்பு வந்தது.

வழியில் எதிர்த்திசையில் ஒரு கப்பல் வந்தது. அதிலும் கூட்டம். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வாயைக் குவித்து, "அரே, உதர் க்யோன் ஜாதா ஹை?" என்று கத்தினார். அங்கே எதற்குப் போகிறாய் என்ற கேள்விக்கு அந்தக் கப்பலே சேர்ந்து பதில் சொன்னது: "ஓட் தேனே!" ஓட்டுப் போட! நாங்கள் இந்தப் பக்கம் ஓட்டுப் போடப் போகிறோம், அவர்கள் அந்தப் பக்கம் ஓட்டுப் போடப் போகிறார்கள். இரண்டு கப்பலிலும் ஆட்கள் துண்டை வீசினார்கள். 1967இல்தான் எங்கள் தீவுகளுக்கு நாடாளுமன்ற ஓட்டே வந்தது. அதற்கு முன் எங்கள் உறுப்பினரை டெல்லியே நியமித்துவிடும். கிடைத்த ஓட்டை விடுவதற்கு யாருக்கும் மனமில்லை.

லாங் ஐலண்டில் கப்பல் நின்றது. மரம் ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையையும் முறைத்தாள். நாங்கள் போர்ட் பிளேரில் இறங்கியபோது வாக்குப்பதிவு நாளின் பிற்பகல் ஆகிவிட்டது. புரோத்ராபூர் பஸ் போய்விட்டது. மணல் லாரி ஒன்றை அம்மா நடுரோட்டில் நின்று மறித்தாள். டிரைவர் தலையை நீட்டி, "மர்னா ஹை க்யா?" என்று திட்டினார். சாக ஆசையா என்று அவர் கேட்பதற்குள் அம்மா என்னைத் தூக்கி உள்ளே வைத்துத் தானும் ஏறியிருந்தாள். ஓட்டு என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டு வண்டியை விரட்டினார். புரோத்ராபூர் பள்ளிக்கூட வாசலில் கேட்டை மூடத் தயாராக நின்ற போலீஸ்காரரின் கைக்குக் கீழே நாங்கள் நுழைந்தோம். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. முகம் கல்யாண வீட்டுக்கு வந்தவள் முகம்போல இருந்தது.

மேஜையில் இருந்தவர் அவள் பெயரைத் தேடி, விரலை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார். "ஆப் கா தோ ஹோ கயா, பெஹன்ஜி." உங்கள் ஓட்டு ஆகிவிட்டது.

"கைசா ஹோ கயா? மை தோ அபி ஆயா!" என்றாள் அம்மா. இப்போதுதான் வருகிறேன், எப்படி ஆகும்? அவள் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் ஒன்றுதான்.

கண்ணாடி போட்ட தலைமை அதிகாரி எழுந்து வந்தார். காலையிலேயே இந்தப் பெயரில் ஒரு பெண் வந்து போட்டுவிட்டாள் என்றார். அப்படியானால் நீ யார்? உன் புருஷன் பெயர் என்ன?

அம்மா வாயை மூடிக்கொண்டாள். அவள் அப்பாவின் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. கோயில் அர்ச்சனைக்குக்கூட ஐயரிடம் என்னைத்தான் சொல்ல வைப்பாள். அதிகாரி மறுபடியும் கேட்டார். அம்மா கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். காலையில் வந்தவள் கேட்டதும் பளிச்சென்று சொன்னாளே என்று மேஜைக்காரர் சொன்னதும், அதிகாரியின் கண் சுருங்கியது. கேட்டில் நின்ற போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டியது. அப்பாவின் பெயரை, இனிஷியலோடு, பள்ளிக்கூடமே அதிரக் கத்தினேன்.

வெளியே நின்ற கூட்டத்திலிருந்து சித்தி ஓடி வந்தாள். இடுப்பில் அவள் குழந்தை. "அக்கா! நீங்க எப்ப வந்தீங்க?"

மேஜைக்காரர் துள்ளி எழுந்து, "யஹீ தோ தீ!" என்றார். காலையில் வந்தது இவள்தான்!

சித்தி திருடவில்லை. நாங்கள் மாயாபந்தருக்கு மாறியபோது எங்கள் வாடகை வீட்டுக்குச் சித்தப்பா குடும்பம் குடிவந்தது. ரேஷன் கார்டை நாங்கள் அந்த வீட்டிலேயே விட்டுவந்தோம். அப்படி விடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அரிசியும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் சித்தி அம்மாவின் பெயரில்தான் வாங்கினாள். கடைக்காரர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தாள். அன்று காலையில் அந்தப் பெயருக்கு வாக்காளர் சீட்டு வீட்டுக்கு வந்ததும், சர்க்கரை வாங்குவதுபோலப் போய் ஓட்டையும் போட்டுவிட்டாள். அப்பாவின் பெயரைச் சொல்வதில் அவளுக்கு என்ன தடை? அவர் அவள் புருஷன் இல்லையே.

அதிகாரி இதைக் கேட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சித்தியிடம், நான் உன்னைப் பார்க்கவில்லை, ஓடு, என்று இந்தியில் சொன்னார். சித்தி நகர்வதற்குள் அம்மா அவள் கையைப் பிடித்துக் காதருகே கேட்டாள்.

"எதுல குத்துன?"

"பசு மாட்டுலதான்க்கா. லட்சணமா கன்னுக்குட்டியோட நிக்குது. ஏன்க்கா?"

பசுவும் கன்றும் ஆளுங்கட்சியின் சின்னம். மாமாவை உள்ளே வைத்தவர்களின் சின்னம். அம்மாவின் பெயரால் அம்மாவின் தம்பிக்கு எதிராக ஒரு ஓட்டு விழுந்திருந்தது. சித்தியிடம் அதைச் சொல்லவும் முடியாது. "சும்மாதான் கேட்டேன்" என்றாள் அம்மா.

அதற்குள் அதிகாரி ஒரு கையேட்டைப் புரட்டி விதி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார், விரலில் மை வைத்தார், சீட்டின் பின்னால் ஏதோ எழுதிக் கொடுத்தார். அம்மா மறைவுக்குப் பின்னால் போனாள். முத்திரை விழும் சத்தம் வெளியே கேட்டது. அவ்வளவு ஓங்கிக் குத்தினாள். மடித்த சீட்டோடு பெட்டியை நோக்கி நடந்தவளை அதிகாரி நிறுத்தினார். சீட்டை வாங்கி ஒரு கவருக்குள் வைத்தார்.

"டப்பா மே நஹீ?" பெட்டியில் இல்லையா என்று அம்மா பதறினாள்.

"நஹீ பெஹன்ஜி. யே அலக் ஜாயேகா." இது தனியாகப் போகும்.

வெளியே வந்ததும் அம்மா என் தோளை உலுக்கினாள். "பாத்தியா பாப்பா? ஊரு ஓட்டெல்லாம் பெட்டில. நம்ம ஓட்டு கவர்ல! தனியாப் போகுதாம்!" திரும்பும் கப்பலில் யார் யாருக்கோ விரலைக் காட்டி இதைச் சொன்னாள். பல்லை மறந்தே போனாள்.

மார்ச் 21, திங்கட்கிழமை காலை, எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரைச் சுற்றிக் குவார்ட்டர்ஸே கூடியிருந்தது. டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. ஆளுங்கட்சி தோற்றுக்கொண்டிருந்தது. பிரதமரே தன் தொகுதியில் தோற்றுவிட்டார். கேட்டது சரிதானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பழக்கத்தில் அப்பாவின் கை நீண்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தது. அம்மா எட்டி அதைத் திருப்பிக் கூட்டினாள், முழுக்கக் கூட்டினாள்.

"என் தம்பி ஜெயில்ல இருக்கான்!" என்று அத்தனை பேருக்கும் நடுவில் கத்தினாள். "பதிமூணு மாசமா உள்ள இருக்கான்! இனிமே வந்துருவான்!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரி நிதானமாக, "அதான் எங்களுக்கு அப்பவே தெரியுமேக்கா. பல்லு எதுக்கு வலிச்சுதுன்னும் தெரியும்" என்றாள். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா அழுதுகொண்டே எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாள். அந்த மாதத்துச் சர்க்கரை முழுவதும் அன்று காலையிலேயே தீர்ந்தது. சில நாளில் மாமாவிடமிருந்து தந்தி வந்தது. வெளியே வந்துவிட்டார்.

எங்கள் தொகுதி முடிவும் தெரிந்தது. நாடே கவிழ்த்த கட்சியை எங்கள் தீவுகள் ஜெயிக்க வைத்திருந்தன. அப்பா அதை வாசித்துக் காட்டியபோது அம்மா கொஞ்சமும் அசரவில்லை.

"பாத்தீங்களா? பெட்டில போட்டதெல்லாம் பசு மாட்டுக்குப் போயிருச்சு. கவர்ல போட்டதுதான் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்திருக்கு."

ஒருவர் பெயரில் முன்பே வேறு யாரோ போட்டுவிட்டால், உண்மையான ஆளுக்குத் தருகிற சீட்டை எண்ணுவதே இல்லை. கோர்ட்டு கேட்டாலொழிய அந்தக் கவரைப் பிரிப்பதும் இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு தேர்தல் விதிகளை வாசித்தபோது நான் இதைத் தெரிந்துகொண்டேன். அப்பா மூன்று தேர்தல்களில் சாவடி டூட்டி பார்த்தவர். செய்தி வாசிப்பவர் ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னால் ரேடியோவைத் திருத்துகிறவர்.

அன்று அவர் எதையும் திருத்தவில்லை. நான் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, நீங்க இருந்த பூத்துல யாருக்காச்சும் கவர் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா" என்றார் அப்பா. "எல்லாருக்கும் பெட்டிதான். ஒங்கம்மாவுக்கு மட்டுந்தான் கவரு."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி அவர் ஏன் அதை அவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.